அந்தப் பாறையை நான் பிளக்க மாட்டேன்

தெஸ்பியாய் நகரின் அவையை நடத்தி அமர்ந்திருக்கும் தலைவர் பிராக்ஸியோன் அவர்களே! ஆளைக் கொன்றது கல்லானாலும் கட்டையானாலும் கூண்டில் ஏற்றி விசாரித்து, எல்லைக்கு அப்பால் எறியும் நீதிமான்களே! கேடயம் தாங்கிக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! விலாங்குக் கூடையை இறக்கி வைக்கவும் நேரமின்றி ஓடி வந்திருக்கும் சந்தைத் தோழர்களே! எல்லோருக்கும் மேலாக, ஈன்ற மகனை இழந்து, அழக்கூடக் கண்ணீர் இல்லாமல் அமர்ந்திருக்கும் தாய் லிரியோபே அவர்களே! அவரைச் சூழ்ந்திருக்கும் தாய்மார்களே! கல் பிளக்கும் எவார்கோஸ் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நேற்று நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். நார்கிஸோஸைக் கொன்றது மலைச்சுனை. அவனை மயக்கியது சுனைக்கு மேலே நிற்கும் பாறையில் ஒளிந்திருக்கும் மலைத் தேவதை எகோவின் குரல். பாறையைப் பிளந்து சுனைக்குள் தள்ளு, இரண்டும் ஒழியட்டும் என்றீர்கள். பிளக்கும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள்.

மர ஆப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றினால் போதும், ஊறி உப்பும் ஆப்பு எந்தப் பாறையையும் பிளக்கும். நான் கற்ற தொழில் அது. ஆனால் செய்ய மாட்டேன்!

என்ன சொல்கிறார் அந்த விலாங்குக்காரர்? "பயந்துட்டியாடா எவார்கோஸ்?" என்கிறார். ஐயா, பயப்படுவதற்கு என்னிடம் இனி என்ன இருக்கிறது?

நார்கிஸோஸை யார் அறியாதவர்? அவன் தெருவில் நடந்தால் மாவு பிசையும் பெண்கள் கையை நிறுத்தினார்கள். மல்யுத்தக் களத்தில் இளைஞர்கள் பிடியை நழுவவிட்டார்கள். ஊரே அவனைப் பார்த்தது. அவன் ஒருவரையாவது பார்த்தானா?

எகோ அவனைக் காதலித்தாள். ஹீரா தேவியின் சினத்தால் சொந்தப் பேச்சை இழந்தவள் அவள். பிறர் சொல்லின் வாலைத் திருப்பிச் சொல்ல மட்டுமே வாய் உண்டு. ஆசையை எப்படிச் சொல்வாள்? கைகளை நீட்டி ஓடி வந்தாள். அவன் சொன்னது என்ன தெரியுமா? "சீ, தள்ளிப் போ! என்னைத் தொடுற மூஞ்சியா இது?" போனாள். பாறையில் சாய்ந்தாள். உண்ணாமல், உறங்காமல், உடல் உருகி, உருவம் கரைந்து, ஒலியாக மட்டும் மிஞ்சினாள்.

இவளா கொலைகாரி?

அவனுடைய வேட்டைத் தோழன் ஒனாசோஸ் அதோ தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான். சுனைக்கரைக்குப் பார்லி அடை கொண்டுபோனவன் அவன். அங்கே நடந்ததை என்னிடம் சொன்னான்.

"டேய், எழுந்திருடா. ஒரு வாய் தின்னு."

"கத்தாதே. தண்ணி கலங்கினா அவன் போயிடுவான்."

"எவன்டா?"

"உள்ளே இருக்கான் பாரு. நான் சிரிச்சா சிரிக்கிறான். தொட்டா மறைஞ்சுடறான்."

"அட மடையா, அது நீதாண்டா!"

"தெரியும்டா. தெரிஞ்சும் எழுந்திருக்க முடியல."

கேட்டீர்களா? தெரியும் என்றான்! தன்னைத் தானே காதலித்து, தன்னிடமே தோற்று, தண்ணீரின் ஓரத்திலேயே தவித்து மாண்டானே, இதில் பாறை என்ன செய்தது? அவன் "ஐயோ" என்றபோது கூடவே "ஐயோ" என்று அழுதது அது ஒன்றுதானே! நீங்களும் நானும் அப்போது எங்கே இருந்தோம்?

திராட்சை பறிக்கும் நாளில் சந்தை மதிலின் மேல்கல் பெயர்ந்து விழுந்து ஒரு பெண் இறந்தாள். நினைவிருக்கிறதா? அந்தக் கல்லையும் விசாரித்தீர்கள். "கல்லே, உன் பதில் என்ன?" என்று கட்டியக்காரர் கேட்டார். கல் பேசவில்லை. வண்டியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் எறிந்தோம். என் கையால் எறிந்தேன். வீட்டுக்கு வந்தேன். அவள் ஊறவைத்த பயறு சட்டியிலேயே இருந்தது. வேறொன்றும் மாறவில்லை.

இறந்தவள் என் மனைவி. அன்றிலிருந்து இந்த ஊரில் ஒருவரும் என் முன்னால் அவள் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டீர்கள். நான் குறை சொல்லவில்லை.

இன்று காலை அளவெடுக்க மலைக்குப் போனேன். விரிசல் எங்கே ஓடுகிறது என்று சுத்தியலால் தட்டினேன். தட்டல் திரும்பி வந்தது. ஏனென்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்தது. "பிலின்னா" என்றேன்.

"லின்னா" என்றது பாறை.

சுத்தியலைக் கீழே வைத்தேன். வீட்டில் நான் அவளை அப்படித்தான் அழைப்பேன்.

தெஸ்பியாய் மக்களே! மற்ற ஊர்கள் காதல் கடவுளுக்குக் கண் செதுக்கின, சிறகு செதுக்கின. நாமோ உளி படாத ஒற்றைக் கல்லை எரோஸ் என்று கும்பிடுகிறோம்! கல்லுக்குள் காதல் குடியிருக்கும் என்று நம்பும் ஊர், காதலே கல்லுக்குள் குடியேறிவிட்ட இடத்தில் ஆப்பு அடிக்கலாமா? அடுக்குமா? அடுத்த விழாவில் எந்த முகத்தோடு எரோஸின் முன் நிற்போம்?

தாய் லிரியோபே எழுந்துவிட்டார். பேசட்டும், தடுக்காதீர்கள்.

"என் புள்ளைய எடுத்துக்கிட்ட இடம்டா அது! நீ உடைக்கலன்னா நான் நகத்தாலயே பேத்துடுவேன்!"

உடைக்கலாம் அம்மா. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அவன் போன பிறகு அவன் பெயரை ஒருமுறையாவது வாய்விட்டுக் கூப்பிட்டீர்களா? இல்லை. எனக்குத் தெரியும். என்னோடு வாருங்கள். அந்தப் பாறை முன் நின்று கூப்பிடுங்கள். அதன் பிறகும் உடை என்று நீங்கள் சொன்னால், இந்தக் கைகளாலேயே உடைக்கிறேன்.

"அது… என் புள்ள பேரைச் சொல்லுமாப்பா?"

சொல்லும்மா. பாதிப் பேராவது சொல்லும். இந்த ஊர்ல வேற யாரும்மா சொல்லப்போறாங்க?

அவைத்தலைவர் அவர்களே! ஆப்பையும் சுத்தியலையும் இந்த மேடையிலேயே வைக்கிறேன். தாய் மலையிலிருந்து திரும்பும்வரை யாரும் அவற்றைத் தொட வேண்டாம். பெரியோர்களே, கால்களை மடக்கி வழிவிடுங்கள். அவர் நடக்கத் தொடங்கிவிட்டார்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. பதில் சொன்ன பாறைக்கு வணக்கம்.