ரெஜினா மேடம் எடுத்த போன்

...தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். இத்தனை பேராசிரியர்களை ஒரே கூரைக்குக் கீழே பிடிச்சு உக்கார வெச்சிருக்கோம், சும்மா விட மனசில்ல. சின்னதா ஒரு கதை சொல்லிட்டு இறங்கிடறேன். நடந்ததான்னு மட்டும் கேக்காதீங்க.

ஒரு காலேஜ். பிசிக்ஸ் துறைத் தலைவர் குருபாதம் சார். நல்ல மனுஷன். கையெழுத்து கேட்டு யார் வந்தாலும் இல்லைன்னு சொல்ல மாட்டார். வெளிநாட்டுல பிஎச்டி படிக்கணும், சிபாரிசுக் கடிதம் வேணும்னு பிள்ளைங்க வந்து நிப்பாங்க. சார் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "நீயே ஒண்ணு டைப் பண்ணிட்டு வாப்பா... போட்டுத் தர்றேன்."

ஏன் சிரிக்கிறீங்க? உங்களுக்கும் தெரியுமோ?

பிள்ளைங்க என்ன செய்யும்? சீனியர் எழுதினதை வாங்கிப் பேரை மாத்தும். 'இவர் கடின உழைப்பாளி. பணிவானவர். ஒழுக்கமானவர்.' அச்சடிச்சு மிஞ்சிப்போன பழைய லெட்டர்பேடு ஒரு கட்டு கிடந்தது. வீணாக்குவானேன்னு அதுலயே பிரின்ட் எடுக்கச் சொல்லி, சார் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் எம்எஸ்ஸி முடிச்ச மூணு பேர் ஒரே யுனிவர்சிட்டிக்குப் போட்டாங்க. அதுல ஒருத்தி செண்பகவல்லி. கோவில்பட்டிப் பொண்ணு, அந்தக் காலேஜ்லயே பிஎஸ்ஸியும் படிச்சவ. மார்க் கொஞ்சம் கம்மி. வீட்டுல மாப்பிள்ளை பார்த்தாச்சு. 'சீட்டு கிடைச்சா போ, கிடைக்கலைன்னா ஆவணியில கல்யாணம்'னு அப்பா சொல்லிட்டார். அவளுக்கு அந்த ஒரு காகிதத்தைத் தவிர வேற கதி இல்ல.

ஒருநாள் அவளுக்கு வீடியோவுல இன்டர்வியூ. அந்த யுனிவர்சிட்டி புரொபசர் சொல்றார்: "உங்க காலேஜ்ல இருந்து மூணு கடிதம் வந்துச்சு. மூணும் ஒண்ணுதான், பேர் மட்டும் வேற. மூணையும் ஒதுக்கிடலாம்னு இருந்தேன். சரி, ஒரு வார்த்தை கேப்போம்னு கடிதத்துல இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். ஒரு லேடி எடுத்தாங்க."

"லேடியா சார்?"

"ஆமா. ரொம்ப மெதுவாப் பேசினாங்க. நீ பிஎஸ்ஸி பர்ஸ்ட் இயர்ல ஊசல் எக்ஸ்பெரிமென்ட் செஞ்சியாமே? வர வேண்டிய விடை வரலையாமே?"

செண்பகவல்லி ஸ்கிரீன்கிட்ட நெருங்கி உக்காந்தா.

அது என்னன்னா... ஊசலை ஆட்டிக் கணக்குப் போட்டா புவியீர்ப்பு ஒன்பது புள்ளி எட்டுன்னு வரணும். நம்ம லேப்ல வருமா? வராது. ஆனா ரெக்கார்டு நோட்டுல மட்டும் எல்லாருக்கும் வந்துடும்! அந்தப் பொண்ணு ஒருத்திதான் வந்ததை வந்தபடி எழுதினா. மார்க்கைக் குறைச்சுட்டாங்க. அழுதுகிட்டே திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்து, கடைசியில கண்டுபிடிச்சா... மர ஸ்கேலோட நுனி தேஞ்சிருக்கு, அளந்த நீளமே தப்பு. அப்ப அவ கூட இருந்தது ஒரே ஒரு ஆள்தான், லேப் எடுத்த ரெஜினா மேடம்.

புரொபசர் சொன்னார்: "இந்த ஒரு விஷயம் போதும் எனக்கு. நீ வாம்மா. மத்த ரெண்டு பேரைப் பத்தியும் கேட்டேன். 'அவங்களை எனக்குத் தெரியாது, குருபாதம் சார்தான் சொல்லணும்'னு போனை வெச்சுட்டாங்க."

மறுநாள் அவ கடலைமிட்டாயோட சார் முன்னாடி நிக்கிறா. "சார், போன்ல பேசினது யாரு சார்?"

"எந்தப் போன்?"

"லெட்டர்பேடுல இருக்கிற நம்பர் சார்... ஒரு லேடி ஸ்டாஃப்..."

சார் கையில எடுத்த மிட்டாயை வாயில போடல. "ஏம்மா... ரெஜினா மேடத்துக்கு அப்புறம் நம்ம டிபார்ட்மென்ட்ல லேடி ஸ்டாஃபே கிடையாதே. அந்த அம்மாவும் நீ பிஎஸ்ஸி செகண்ட் இயர் படிக்கும்போதே தவறிட்டாங்களேம்மா."

அவ போனதும் சார் சாவியை எடுத்துக்கிட்டுப் போனார். லேபை ஒட்டி மேடம் இருந்த ரூம். இப்ப உடைஞ்ச பெஞ்சு போட்டு வெச்சிருக்காங்க. நல்ல உச்சி வெயில்... உள்ள மட்டும் குளிருது. மேசை மேல புழுதி, நாற்காலி மேல புழுதி. லெட்டர்பேடுல நம்பர் போட்டிருந்த அந்தப் பழைய போன் மேல மட்டும்... புழுதி இல்ல. வயரைப் பார்த்தார். சுவத்துல மாட்டல, கீழே தொங்குது.

எடுக்கலாமா, வேண்டாமா?

எடுத்தார். காதுல வெச்சார்.

"...குருபாதம் சாரா?"

ரெஜினா மேடத்தோட அதே குரல்.

"செண்பகவல்லிக்கு நான் சொல்லிட்டேன் சார். மத்த ரெண்டு பேரும் நான் போனதுக்கு அப்புறம் எம்எஸ்ஸிக்குச் சேர்ந்த பிள்ளைங்க. உங்ககிட்டதானே ரெண்டு வருஷம் படிச்சாங்க? அவங்களைப் பத்தி நீங்க சொல்லுங்க... நான் கேக்குறேன்."

சார் கண்ணை மூடி யோசிக்கிறார். கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கு. அந்த ரெண்டு பிள்ளைங்களோட முகம்...? வரல. பேரு...? வரல. "கடின உழைப்பாளி... பணிவானவர்..."

"அது கடிதத்துல இருக்கு சார். பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க."

வரல.

"சொல்லுங்க சார்... நான் கேக்குறேன்... சொல்லுங்க..."

அவ்வளவுதான் கதை. அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் சீட்டு கிடைக்கல.

ஐயா, அம்மா, எனக்குக் கோபம்தான் வருது. மார்க் ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கான். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு உங்க பிள்ளையைத் தெரியாது. 'இவளை நான் பார்த்தேன், இவ இப்படிப்பட்டவ'ன்னு கண்ணால பார்த்த ஒருத்தர் சொல்லணும். சிபாரிசுக் கடிதம்னா அதுதான், சாட்சி. உயிரோட இருக்கிற நாம வாயைத் திறக்காம, செத்துப்போன ஒரு அம்மாவை எந்திரிச்சு வந்து சாட்சி சொல்ல வைக்கலாமா? நியாயமா?

நாளைக்கு உங்க மேசையில ஒரு காகிதம் வந்து நிக்கும். பேனாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி, நிமிர்ந்து அந்தப் பிள்ளை முகத்தைப் பாருங்க. இப்பவே கேக்குறேனே... கடைசியா நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அந்தப் பிள்ளை யாரு? அது எப்படிப்பட்ட பிள்ளை?

சொல்லுங்க சார்... நான் கேக்குறேன்.