பொய்ப் பெட்டிசமும் ஆறு கிழமை மறியலும்

அவைக்குத் தலைமை தாங்கும் அண்ணல் சீனிமுகம்மது ஹாஜியார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, கல்முனைக்குடியின் கண்ணியமிக்க கனவான்களே, பாண்டிருப்பிலிருந்து பாசத்தோடு வந்த தமிழ்ச் சகோதரர்களே, திரைக்கு அப்பால் செவிசாய்த்திருக்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

பொலிசுக்குப் பொய் முறைப்பாடு எழுதும் இந்தப் பொய்ப் பெட்டிசம் பற்றிப் பேச ஒரு பிரக்கிராசியாரை அழையுங்கள் என்றேன். ஹாஜியார் மறுத்துவிட்டார். "சட்டம் படிச்சவர் வேணாம், மஜீட். சட்டத்துக்கிட்ட அடிபட்ட நீ வந்து கதை" என்றார். ஆகவே மருதமுனை நெசவாளி, மேடைதோறும் முழங்கியவன், மட்டக்களப்புச் சிறையில் ஆறு கிழமை மறியல் கிடந்தவன், இதோ உங்கள் முன் நிற்கிறேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஐம்பத்து நான்காம் ஆண்டுச் சிறுபோக நெற்செய்கைக் காலம். நாவிதன்வெளியில் எனக்கு இரண்டு ஏக்கர் வயல். அதற்கு மேல்வயல் பாண்டிருப்பு நல்லரெத்தினத்தாருடையது. வாய்க்காலில் தண்ணீர் சுருங்கிய நேரம். முறை அவருடையது, அவசரம் என்னுடையது. தண்ணீரை மறித்த வாய்க்கால் பலகையைத் திற என்றேன். "நாளைக்குத்தான் உங்கட முறை, காக்கா" என்று என்னை அண்ணனாக மதித்தே சொன்னார். வார்த்தை தடித்தது. வெகுண்டு திரும்பினேன், வரம்பிலே வழுக்கினேன், விழுந்தேன். கல்லிலே அடிபட்டு நெற்றி பிளந்தது.

அந்த இரத்தத்தோடு நான் எங்கே போயிருக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு. எங்கே போனேன்? பொலிசுக்கு. நல்லரெத்தினம் மண்வெட்டிப் பிடியால் மண்டையை உடைத்தான் என்றேன். எப்படிச் சொன்னேன்? ஏற்றிச் சொன்னேன், இறக்கிச் சொன்னேன், எதுகை மோனையோடு எடுத்துச் சொன்னேன். எழுதிய சார்ஜன் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் நாவன்மை, அன்றைக்கு ஒரு நிரபராதிக்கு விலங்கு பூட்டியது.

சாட்சி இல்லையா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். இருந்தது ஐயா. வயலுக்குச் சோறு கொண்டு வந்த என் மனைவி சரீபா. "நீங்க சறுக்கி விழுந்தத நான் கண்ணால கண்டன். பொலிசுக்கு ஒரு கதை சொல்லிட்டீங்க, அல்லாஹ்வுக்கு என்ன கதை சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். வாயை மூடு என்றேன். அவள் மூடினாள். அதன்பின் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினான்கு நாள் நல்லரெத்தினம் மறியலில். கதிர் தள்ளும் பயிர் கவனிப்பாரின்றிக் கருகியது. பதினைந்தாம் நாள் காலை அவர் மனைவி தங்கேஸ்வரி என் வாசலில் நின்றாள். ஏச வரவில்லை, அழவும் இல்லை.

"காக்கா, நான் அந்த இடத்தில இருக்கல்ல. நீங்க இருந்தீங்க. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க, அவர் அடிச்சவரா?"

ஆயிரம் பேர் முன்னால் அஞ்சாத நாக்கு, அந்த ஒருத்திக்கு அஞ்சியது. "இல்ல தங்கச்சி" என்றேன்.

என் பிரக்கிராசியார் தடுத்தார். "பேசாம இரும். வழக்குத் தானா விழும். உண்மையச் சொன்னா நீர்தான் உள்ளுக்குப் போவீர்." சரீபாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் காலையிலேயே கோட்டுக்குப் போனேன். கூண்டிலே ஏறினேன். நான் சொன்னது பொய் என்றேன். அன்றே நல்லரெத்தினம் விடுதலை. அடுத்த மாதம் என்மீது வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

நீதவான் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "நீ உண்மை சொன்னதால் தண்டனையை ஆறு கிழமையாகக் குறைக்கிறேன். அந்த மனிதனின் பதினான்கு நாளை யார் திருப்பிக் கொடுப்பது?"

கேளுங்கள் பெரியோரே. அதிகாரியிடம் பொய் சொல்லி அடுத்தவனுக்குத் தீங்கு செய்தால் சிறை உண்டு, தண்டம் உண்டு. பொய்க் குற்றம் சுமத்தி வழக்குக்கு இழுத்தால் சிறை ஆண்டுக்கணக்கில் நீளலாம். கோபத்தில் சொன்னேன் என்றால் சட்டம் விடுமா? விடாது. கையெழுத்தில்லாப் பெட்டிசம் என்றால் எழுதிய கையைத் தேடாதா? தேடும்.

நல்லரெத்தினம் மன்னித்தாரா? இல்லை. என் முறை வந்தால் பலகையைத் திறந்து வைக்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

இந்த ஊரிலிருந்து இந்த மாதம் மட்டும் ஒன்பது பெட்டிசம் போயிருக்கிறதாம். எழுதியவர்களில் சிலர் இங்கே இருக்கலாம். பெயர் கேட்க மாட்டேன். கூட்டம் கலைந்ததும் பள்ளிவாசல் முகப்பில் நிற்பேன். பொய் எழுதியவர் எவராயினும் வாருங்கள். பொலிஸ் நிலையம் கூப்பிடு தூரம். பொய் சொல்ல நான் தனியாகப் போனேன். உண்மை சொல்ல நீங்கள் தனியாகப் போக வேண்டாம், நான் கூட வருகிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. ஸலாமும் வணக்கமும் கூறி இறங்குகிறேன்.