மெத்தையின் ஓரத் தையல்

— அம்மா, தரையிலயே உக்காந்துட்டீங்களே. முடியலைன்னா சொல்லுங்க, பரீட்சையை இதோட நிறுத்திக்கலாம்.

— நிறுத்திடாதீங்க சார். முட்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது, அவ்வளவுதான். மெத்தையோட ஓரத் தையல்ல இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு. அந்த டார்ச்சைக் கொஞ்சம் எட்டிக் குடுங்க.

— பரீட்சைக்கு வந்தவங்களுக்கு நான் ஒத்தாசை பண்ணக் கூடாது.

— டார்ச் எடுத்துக் குடுக்கறதெல்லாம் ஒத்தாசையா சார்? சரி விடுங்க, நானே தவழ்ந்து போய் எடுத்துக்கறேன்.

— நிதானமாவே பாருங்க. மூணாவது தடவை வர்றீங்க, இல்ல?

— ஞாபகம் வச்சிருக்கீங்களே. முதல் தடவை எழுத்துப் பரீட்சையிலயே போச்சு. போன தடவை, நீங்களே பூச்சியை ஒளிச்சு வைக்கற உங்க பரீட்சை அறையில, நீங்க 'ஆரம்பிங்க'ன்னதும், என்ன பூச்சின்னுகூடப் பார்க்காம மருந்தைக் கலக்க ஆரம்பிச்சுட்டேன். எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட வேலை பார்த்த பழக்கம். வண்டியை விட்டு இறங்கினதும் வாசல்லயே கலக்கணும்பார் மாமா. வாசனை வந்தாத்தான் வீட்டுக்காரங்களுக்கு நம்பிக்கை வருமாம்.

— பம்ப் தூக்கறது நீங்க, பூச்சிமருந்து லைசென்ஸ் அவர் பேர்ல.

— கையெழுத்து அவர் போடுவார், முதுகுவலி எனக்கு. இந்தத் தடவையும் போச்சுன்னா, 'பேசாம என்கூடவே காலத்தை ஓட்டு'ன்னுடுவார். ஒரே வீடு சார். சாப்பிடற தட்டுக்கு எதிர்லயும் முதலாளிதான் உக்காந்திருக்கார்னா எப்படி இறங்கும்? லைசென்ஸ் கையில வந்தா, தனியா ஒரு ரூம் பார்த்துக்கிட்டுப் போயிடுவேன்.

— சரி. அப்புறம்? என்ன பார்த்தீங்க?

— கட்டில் சட்டம், திருகாணி ஓட்டை, ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாடி, இழுப்பறை, எல்லாம் ஆச்சு. மூட்டைப்பூச்சி இருந்தா கறுப்புப் புள்ளி விட்டிருக்கும், தோல் உரிச்சுப் போட்டிருக்கும். எதுவும் கண்ணுல படலை. நீங்க எங்கயோ நல்லா ஒளிச்சு வச்சிருக்கீங்க.

— நான் எதையும் ஒளிச்சு வைக்கலை. பரீட்சை அறையில ரிப்பேர் வேலை நடக்குது. அதான் பரீட்சையை ஆள் குடியிருக்கற வீட்டுல வச்சிருக்கோம். இந்த வீட்டு அம்மா ராத்திரி பூரா பூச்சி கடிக்குதுங்கறாங்க. கையெல்லாம் சொறிஞ்சு புண்ணாக்கிக்கிட்டாங்க. அவங்க பிடிச்சு வச்சது இந்த டப்பாவுல இருக்கு. இதையும் பார்த்துட்டுச் சொல்லுங்க.

— குடுங்க. பூதக்கண்ணாடியை எங்க வச்சேன்... ஆங். இது போர்வை நூல். இது பிரெட்டுத் துணுக்கு. இது காய்ஞ்ச பொருக்கு, அவங்க தோல்தான் சார், பாவம். இதுக்குக் கால் மாதிரி இருக்கு, இருங்க... இல்ல, பிரஷ்ல இருந்து விழுந்த நார்.

— ஒண்ணுகூடப் பூச்சி இல்லையா?

— இல்லையே.

— அவசரப்படாதீங்க. பரீட்சை உங்களோடது.

— அதான் சார் சிக்கலே. இருக்குன்னா, எங்கன்னு கேப்பீங்க. இல்லைன்னா, சரியாத் தேடலைம்பீங்க. மாமாவா இருந்தா இந்நேரம் அடிச்சு முடிச்சுட்டு வண்டியில ஏறியிருப்பார். ஒரு வீட்டுக்குள்ள போயிட்டு அடிக்காமத் திரும்பினா தொழிலுக்கே அவமானம்பார்.

— மருந்துகூட வேண்டாம். பச்சைத் தண்ணியை அடிச்சாலே அவங்க நாலு நாள் நிம்மதியாத் தூங்குவாங்க இல்லையா?

— மாமா அதையும் பண்ணுவார். தூங்குவாங்க சார், இல்லைங்கலை. ஆனா பூச்சி இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுது. அப்புறம் காலம் பூரா தேடிக்கிட்டே கிடப்பாங்க.

— அப்போ உங்க முடிவு?

— பூச்சி இல்ல. மருந்தும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். பம்பை நான் தொட மாட்டேன். எழுதிக்கோங்க.

— அவங்க அழுவாங்க.

— அழட்டும். பக்கத்துல உக்காந்து இந்தத் தையலை விரலால விலக்கி விலக்கிக் காட்டுவேன். 'கடிக்கலை'ன்னு மட்டும் சொல்ல மாட்டேன் சார். அரிப்பு நிஜம், புண்ணு நிஜம். 'உங்க உடம்பு பொய் சொல்லலைம்மா. ஆனா இது பூச்சி இல்ல. வாங்க, ஒரு நல்ல டாக்டராப் பார்ப்போம், நானே கூட வர்றேன்'னு சொல்வேன். இது உங்க பாடத்துல இல்ல, தெரியும். மார்க்கைக் குறைக்கணும்னா குறைச்சுக்கோங்க.

— உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாருமே மருந்து கலக்கினாங்கம்மா. ஒருத்தர் சுவத்துக்குள்ள குஞ்சு பொரிச்சிருக்குன்னுகூடச் சொல்லிட்டுப் போனார்.

— அய்யோ. அப்போ இந்தத் தடவையும் எனக்குப் போச்சா?

— பாஸ். கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது. பிடிங்க.

— என்ன சார் இப்படிப் பொசுக்குனு குடுத்துட்டீங்க. அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. கொஞ்சம் தண்ணி குடுங்க. பரீட்சைதான் முடிஞ்சுதே, இப்ப குடுக்கலாம் இல்ல?

— இந்தாங்க. மெதுவாக் குடிங்க. குடிச்சுட்டு ஒரு உதவி பண்ணுவீங்களா? முடியாதுன்னாலும் லைசென்ஸ் உங்களோடதுதான்.

— சொல்லுங்க சார்.

— கடைசியா அந்த டாக்டர் விஷயம் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. கதவுக்கு அந்தப் பக்கம் என் சம்சாரம் நிக்கறா, கையெல்லாம் புண்ணோட.