முடிவு போடாத கட்டு

இரவு ஒரு மணி. ஊரைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை. ஒரு விளக்குகூட எரியவில்லை… என் நண்பனின் மச்சான் தனியாக வண்டியில் போய்க்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரியின் மென்பொருளை எழுதியவர் அவர்தான். கால் முறிந்து அங்கே படுத்திருந்த அவருடைய அக்கா போனில் அழைத்திருந்தாள்.

“முதுகுல யாரோ கட்டு மாத்துறாங்கடா. எனக்குத்தான் முதுகுல புண்ணே கிடையாதே!”

விஷயம் இதுதான். ஒரு வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க மூன்று விவரம் வேண்டும். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை செய்வது, எப்போது நிறுத்துவது. வேளை வந்ததும் அது நர்ஸுக்கு மணியடிக்கும். அதே படுக்கையில் முன்பு ஒரு கிழவர் இருந்தார். முதுகெல்லாம் படுக்கைப் புண். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். மச்சான் நிறுத்தும் தேதியைக் காலியாக விட்டிருந்தார். காலி என்றால் கணினிக்கு ‘என்றென்றைக்கும்’ என்று அர்த்தம். போதாததற்கு, அட்டவணையை நோயாளியோடு இணைக்காமல் படுக்கையோடு இணைத்திருந்தார். கிழவர் செத்துப்போனார். அட்டவணை சாகவில்லை.

இங்கே நண்பன் கதையை நிறுத்தி எங்களைக் கேட்டான்: “எல்லாரும் சாப்பிட்டாச்சுல்ல? சரி, அப்ப சொல்றேன்.”

மச்சான் வார்டுக்குள் நுழைந்ததுமே அந்த வாடை… நாக்கில் வந்து ஒட்டியது. கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி. அதில் மஞ்சளும் பச்சையுமாய்ச் சீழில் ஊறிய பஞ்சு.

“யாரு சிஸ்டர் கட்டுறது?”

“நாங்க தொடவே இல்லைங்க சார். மணியடிக்கும். ஓடி வர்றதுக்குள்ள ‘முடிஞ்சது’ன்னு பதிவாயிடும்.”

கட்டைப் பிரித்தார்கள். புண் இருந்தது… ஐந்து விரலும் உள்ளே போகும் ஆழத்துக்கு.

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு, கணினியில் அன்றைய தேதியையே முடிவாகப் போட்டார். மணி நின்றது. ஆனால் புண் நிற்கவில்லை. சிஸ்டர்கள் எத்தனை முறை கட்டினாலும், பிரித்தால் உள்ளே புழு. ‘நச்… நச்…’ என்று நெளியும் சத்தம்கூடக் கேட்டது. அக்காவுக்கு ஜுரம் ஏறியது. பிதற்றினாள். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மச்சான் மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். போட்ட தேதியை அவரே அழித்தார்.

கொஞ்ச நேரத்தில் மணியடித்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விடிந்தபோது ஜுரம் இறங்கியிருந்தது. புண் சுத்தமாக இருந்தது. கட்டு அவ்வளவு அழகு.

அக்கா இன்றும் அதே படுக்கையில்தான். இடம் மாற்ற ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. போன வாரம் மச்சானைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு சொன்னாளாம்:

“நல்லாத்தான் கட்டுதுடா… ஆனா இப்பல்லாம், கட்டுறதுக்கு முன்னாடி முகத்தைப் புண்ணுக்குள்ள வச்சு மோந்து பாக்குது.”