மீன் அறையின் மூடி

— அந்த இரும்புக் கம்பியைக் கீழே போடுங்க, அம்மா. இது இத்தாலியக் கடற்படைக் கப்பல். இங்க யாரும் யாரையும் அடிச்சுக் கொல்லுற முறை கிடையாது.

— இன்னும் இவன் சாகலையே! கையை விடுங்க!

— விடமாட்டேன். மண்டை பிளந்து கிடக்கான். நாலு பல்லு தளத்துல சிதறிக் கிடக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? நான் நுன்சியோ, இந்தத் தளத்துக்குப் பொறுப்பு நான்தான். முறைப்படி கேக்குறேன், நீங்க யாரு?

— அப்ரெஹெத். ஊரு அஸ்மாரா, முன்னாடி உங்க நாடு ஆண்ட ஊரு. உங்க பாஷையை அங்க பள்ளிக்கூடத்துல படிச்சேன்.

— இவன் யாரு?

— மிஃப்தா. படகை ஓட்டிக்கிட்டு வந்தவன். ஐயா, என் தம்பி இன்னும் அந்தப் படகுலதான் இருக்கான்!

— படகு காலி, அம்மா. அகதிங்க உங்க எல்லாரையும் எங்க கப்பல்ல ஏத்தியாச்சு. படகு மேல சிவப்புச் சாயத்துல தேதியும் எழுதியாச்சு. அந்தக் குறி விழுந்துட்டா உள்ளே உயிர் இல்லைன்னு அர்த்தம். வேற கப்பல் வந்து மோதிடாம இருக்க இப்ப அதைக் கொளுத்தப் போறாங்க.

— அடியில மீன் அறை இருக்கு! பாதிக் காசு குடுத்தவங்களை அதுல திணிச்சாங்க. முப்பது பேர். என் தம்பி யோனாஸும் அதுலதான்!

— ஏறும்போதே ஏன் சொல்லலை?

— வாய் வரலை.

— இவன் மிரட்டினானா?

— இவன்... இவன் என்னையே பாத்துக்கிட்டிருந்தான்.

— இவானோ! ரேடியோவை எடு! இவானோ! தீ வைக்காதே!

— என்ன தலைவரே? டீசல் ஊத்தியாச்சு, பந்தம் கையில எரியுது. நம்ம சமையல்காரன் சுடுற மீனைவிட இது நல்லா வேகும்.

— வாயை மூடு! பந்தத்தைக் கடல்ல எறி! எறிஞ்சியா?

— எறிஞ்சாச்சு, எறிஞ்சாச்சு. மடோனா மாதாவே! என்னாச்சு?

— அடியில மீன் அறை இருக்காம். ஆளுங்களை வச்சுப் பூட்டியிருக்கான் இந்தப் பாவி. கோடாலி எடுத்து மூடியை உடை.

— கோடாலியா? பூட்டு எங்கே? ஆணிகூட இல்லையே. ஒரு கையால தூக்கினேன், வந்துடுச்சு... ஐயோ. ஐயோ, மடோனா!

— சொல்லு.

— புகை, தலைவரே. இன்ஜின் புகை. ஒருத்தர் மேல ஒருத்தரா அடுக்கிக் கிடக்காங்க. மூடியோட உள்பக்கம் பூரா ரத்தம். பிஞ்ச நகம் மரத்துல குத்திக்கிட்டு நிக்குது. ஒருத்தன் தலையாலயே முட்டியிருக்கான், நெத்தி எலும்பு தெரியுது.

— யாருக்காவது மூச்சு இருக்கா? ஒவ்வொருத்தரா தொட்டுப் பாரு. அவசரப்படாதே.

— இல்லை... இல்லை... இவனும் இல்லை. பொறுங்க. ஒருத்தன் முனகுறான்! கழுத்துல கறுப்புக் கயிறு, மரச் சிலுவை.

— யோனாஸ்! அந்தச் சிலுவையை நான்தான் கட்டிவிட்டேன்!

— வெளியே இழுத்துப் போடு, இவானோ! காத்து படட்டும். இதோ மருத்துவரை அனுப்புறேன்.

— இழுத்துட்டேன். கண்ணு திறக்கலை, ஆனா என்னமோ சொல்றான். ஒண்ணையே திரும்பத் திரும்ப.

— அவன் வாய்கிட்ட ரேடியோவைப் பிடி. கேட்டீங்களா, அம்மா? என்ன சொல்றான்?

— ‘எழுந்திரு அக்கா’ன்னு சொல்றான்.

— பாவம், சுரம் ஏறிப் பிதற்றுறான். நீங்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க! அது கிடக்கட்டும். பூட்டும் இல்லை, ஆணியும் இல்லை. முப்பது பேர் முட்டியும் திறக்காதபடி அந்த மூடியை இவன் எதை வச்சு அழுத்தினான்?

— அவங்க மேலே வந்தா படகு கவுந்துடும்னு நாங்க பத்துப் பேர் அது மேல உக்காந்திருந்தோம், ஐயா. எழுந்திரின்னு கடைசிவரைக்கும் என் கையைப் பிடிச்சு இழுத்தவன் இந்த மிஃப்தாதான்.