‘நான்’ வராத கட்டுரை

சிவப்பு மையை நான் விரும்பி வாங்கியதே இல்லை. வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தால் எத்தனை அடித்துத் துவைத்தாலும் போகாது. ஆனால் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறவனுக்கு அது இல்லாமல் முடியாது. செங்கல்பட்டில் எங்கள் கல்லூரியில் பதினோரு வருஷம் அந்த வகுப்பை எடுத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அவர்களே.

முதல் நாளே பலகையில் எழுதிப் போடுவேன். ரஃப் காப்பி எதையும் கிழித்துப் போடக் கூடாது. கட்டுரையில் ‘நான்’ என்ற சொல் வரவே கூடாது. ‘நான் கண்டேன்’ என்பது வம்புப் பேச்சு, ‘காணப்பட்டது’ என்பதுதான் கட்டுரை.

வரதன் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவான். தன் குப்பத்தின் மீன்பிடியைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் நாற்பத்தேழு ‘நான்’. ஒன்று விடாமல் அடித்தேன். முகம் சுளிக்காமல் திரும்ப எழுதி வந்தான். மூன்றாம் முறை எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. என் கையிலிருந்து அப்படி ஒரு பத்தி வந்ததே இல்லை.

ஒரே ஒரு இடம்தான் உறுத்தியது. ‘இன்று நல்ல பாடு’ என்பார்களாம் வலைக்காரர்கள். பாடு என்பதற்கு அவன் ஆங்கிலத்தில் மீன் வரத்து என்று பொருள் எழுதுவான். நான் அடித்துத் துன்பம் என்று திருத்துவேன். மூன்று பிரதியிலும் இதே கதை. பாடு என்றால் துன்பம்தானே, அகராதியிலேயே இருக்கிறது.

எழுபத்து மூன்றாம் வருஷம் துறைத்தலைவர் பதவி காலியானது. அச்சில் வந்த கட்டுரை ஒன்றாவது வேண்டும் என்றார்கள். ‘நான்’ எல்லாம் எடுத்துவிட்ட கட்டுரை யாருடையது என்பதற்கு அடையாளம் ஏது? மேலே ஒரு பெயர் வேண்டியிருந்தது. பூவராகவன் என்று என் பெயரைப் போட்டேன்.

கட்டுரை அச்சான இதழ் வந்த வாரமே வரதன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றான்.

“இன்னா சார் இது? பாடுன்னா மீனு சார். ‘இன்னிக்கு நல்ல துன்பம்’னு எவனாவது சொல்வானா? எம் பேரு இல்லாட்டி போவுது. குப்பமே சிரிக்கும் சார். பிரின்சிபால்கிட்ட சொல்லி மாத்திப் போடச் சொல்றேன்.”

அவன் கேட்டது ஒரு சொல்லைத்தான். அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தால் என் உத்தியோகமே கூட வந்துவிடும் என்பது அவனுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பிரதியை எடுத்து வா, பாறை மேல் உட்கார்ந்து சரி செய்வோம் என்றேன். மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் உள்ள அந்தப் பாறை உங்களுக்குத் தெரியும். மத்தியானம், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டு, அவனாகவேதான் விளிம்புக்குப் போய்க் கடலில் மாமன் கட்டுமரத்தைக் காட்டினான்.

கால் வழுக்கி விழுந்து செத்தான் என்று ஊர் நம்பியது. நீங்கள் நம்பவில்லை. ஈரப்பாறையில் வழுக்காத மீனவப் பிள்ளை காய்ந்த பாறையில் எப்படி வழுக்கினான் என்று மூன்று தரம் கேட்டீர்கள். பிறகு அவன் அம்மா செங்கம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தாள், எழுத்துத் தெரியாதவள்.

“வாத்தியாரு கிழிக்கக் கூடாதுன்னாருன்னு பெட்டில வெச்சிருந்தான். செவப்பு செவப்பா கீது, இன்னான்னு பாருங்க.”

முதல் இரண்டு பிரதிகள். இரண்டிலும் கட்டுரை அவன் கையெழுத்தில், துன்பம் என் கையெழுத்தில், என் பெயரில் வந்த இதழிலும் அதே துன்பம். என் வகுப்பில் சொன்னதைச் சொன்னபடி செய்தவன் அவன் ஒருவன்தான்.

நேற்று நான் எழுதித் தந்த ஒரு வரி வாக்குமூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். “‘வரதன் தள்ளப்பட்டான்’னு கீது. யாரு தள்னது? இதுல ஆளே இல்லியே சார்” என்றீர்கள்.

இலக்கணப்படி அதில் பிழை இல்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டதற்காகத் திருத்தித் தருகிறேன். வரதனை நான் தள்ளினேன். வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் அந்த ஒரு சொல்லை அடித்திருப்பேன்.