மீன் இல்லாத தொட்டி

— மாப்ள, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பையை மட்டும் தொட்டிக்குள்ள அவுத்து விட்டுடாதே.

— என்ன மாமா, விளையாடறீங்களா? அஞ்சு வாரமா 'மீன் எப்ப, மீன் எப்ப'ன்னு என் உயிரை வாங்கினது யாரு? அக்காவை விட்டு வேற ஏச வச்சீங்க. இப்ப ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்தா, வேணாம்ங்கறீங்க!

— வேணாம்னு சொல்லலடா. இன்னிக்கு வேணாம்ங்கறேன்.

— பையில இருக்கிற காத்து இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினா பெருசு. அப்புறம் இது கருவாடு. கடல்மீன் தண்ணியாச்சே, உப்பு ஏற்கனவே போட்டாச்சு.

— தண்ணி இன்னும் பக்குவப்படலையோ என்னவோ...

— தண்ணிக்கு என்ன கேடு? நேத்துதான் சோதிச்சேன், மீனைக் கொல்ற அம்மோனியா துளிகூட இல்ல. பழைய சாமான் கடையில தூக்கிட்டு வந்த தொட்டி இது. மூணு தடவை பசை வச்சு ஒழுக்கை நிறுத்தினேன். சமையல் உப்பைக் கொட்டப் போனீங்களே, அந்தக் கையைப் பிடிச்சு நிறுத்தி, கடல்மீனுக்குன்னே விக்கிற உப்பை அளந்து கரைச்சேன். இருக்கிற காசுல கடல்ல இருந்து வந்த கல்லு ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது. இதுக்கு மேல நான் என்ன பண்ணணும்?

— நீ பண்ணலைன்னா சொன்னேன்? நானும் சும்மா இல்லடா. தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது, அதனால நல்ல தண்ணியைத்தான் ஊத்தணும்னு சொன்னியா? தொட்டியில நீ போட்ட கோட்டுக்குக் கீழ தண்ணி இறங்கும்போதெல்லாம், முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலாலயே அடிச்சு அடிச்சு நிரப்பினேன். தொட்டியில தூள் விழுந்துடக் கூடாதுன்னு சவரத்துக்கு வர்றவங்களுக்குப் பவுடரைக்கூட வாசல்ல நிக்க வச்சுத்தான் போட்டு விடறேன்.

— அப்புறம் என்ன? மென்னு முழுங்காம சொல்லுங்க மாமா.

— இந்த மீன் ஆரஞ்சு கலர்ல இருக்கே.

— கோமாளி மீன் ஆரஞ்சாத்தான் இருக்கும். வெள்ளைப் பட்டையைப் பாருங்க, என்ன அழகு!

— நம்ம மீன் நீலம்டா.

— எந்த நம்ம மீன்?

— கல்லுக்குப் பின்னாடி இருக்கே, அது.

— கல்லுக்குப் பின்னாடி சுவருதான் இருக்கு.

— எனக்குத் தெரியாதா? எதிர்ல ஏ.சி. சலூன் வந்ததுல இருந்து இங்க நான் ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். உங்க அக்காவுக்குத் தெரியாம கடையோட ரெண்டாவது நாற்காலியை விக்க விலை பேசிட்டேன். மீனை வச்சா நாலு பேர் எட்டிப் பார்ப்பாங்கன்னு உன்னைக் கூப்பிட்டா, நீ கல்லையும் தண்ணியையும் வச்சுட்டு, 'கல்லுல கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் வளரணும், அஞ்சு வாரம் மீன் விடாதீங்க'ன்னுட்டுப் போயிட்டே. மறுநாளே தபால்காரர் வந்து 'எங்கங்க மீனு?'ன்னாரு. வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டிருக்கேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'கூச்ச சுபாவம், கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு'ன்னுட்டேன்.

— ஐயோ மாமா!

— கேளு. அரை மணி நேரம் உக்காந்து பார்த்தாரு. திடீர்னு எந்திரிச்சு, 'அதோ, நீலம்!'னாரு.

— இல்லாத மீனையா?

— நான் என்ன பண்ண? 'ஆமாங்க, வாலு மட்டும் மஞ்சள்'னேன்.

— வாலு வேறயா!

— மறுநாள் மருந்துக்கடைக்காரர் வாலைப் பார்த்துட்டாரு. அதுக்கு அடுத்த நாள் டிரைவிங் ஸ்கூல்காரர், குட்டி போட்டிருக்குன்னுட்டாரு. மாசம் ஒரு தடவை வந்தவங்கல்லாம் இப்ப வாரம் ரெண்டு தடவை சவரத்துக்கு வர்றாங்க. மாட்டிக்கிறதுக்குள்ள நிஜ மீன் ஒண்ணு வந்துடணும்னுதான் உன்னை அரிச்சேன். இந்த ஆரஞ்சை விட்டா, நீலம் எங்கன்னு கேப்பாங்கல்ல? என் குட்டு உடைஞ்சா அவ்வளவு பேரும் எதிர்ல போய் உக்காந்துருவாங்க. கடை போச்சு மாப்ள. எனக்கு வேற தொழிலும் தெரியாது.

— நீலம் செத்துப் போச்சுன்னு சொல்லிடுங்க.

— சேச்சே, வாயில அடி. பாவம்டா அது.

— இல்லாததுக்கு என்ன பாவம்! இருக்கிறது இங்க மூச்சு வாங்குது. அந்த டம்ளரை எடுங்க. தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பையில ஊத்திப் பழக்கணும்.

— சொன்னா கேக்க மாட்டியே... இந்தா. மெதுவா ஊத்து, பயந்துக்கப் போகுது.

— இப்ப மட்டும் அக்கறையைப் பாரு! இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும். போடா ராஜா, போ. பார்த்தீங்களா மாமா, சொந்த வீடு மாதிரி போகுது!

— ஆட்டத்தைப் பாரேன். கண்ணு பட்டுரும்டா. ஐயையோ, தபால்காரர் சைக்கிளை நிறுத்தறாரு! மறைடா, மறை!

— என்ன கடைக்காரரே, மாமனும் மச்சானும் சுவரு மாதிரி நிக்கிறீங்க? நகருங்க, நம்ம ஆளைப் பார்க்கணும். அடடே, இது யாரு, புதுசா இருக்கு?

— தபால் சார், அது வந்து... அந்த நீலம் இருக்குல்ல...

— நீலத்துக்கு என்ன?

— இல்லைங்க. இல்லவே இல்லைங்க. இன்னிக்கு வந்த இதுதான் முதல் மீனு. நான் சொன்னது அத்தனையும் புளுகு. எதிர்க்கடைக்குப் போகணும்னா போங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா உங்க மூஞ்சியைப் பார்த்து இன்னொரு தடவை சொல்ல எனக்கு மனசு வரல.

— தெரியுமே.

— என்னது?

— முதல் நாளே தெரியும். நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பார்க்கத்தான் நீலம்னு அடிச்சு விட்டேன். கண்ணைக்கூடச் சிமிட்டாம வாலுக்கு மஞ்சள் பூசுனீங்களே! அன்னிக்குத் தெரு முழுக்க அதைச் சொல்லிட்டுத்தான் தபாலையே கொடுத்தேன்.

— அப்ப மருந்துக்கடைக்காரரு?

— அவருக்கும் தெரியும். குட்டியைக் கண்டுபிடிச்சவருக்கும் தெரியும்.

— என்ன சார் இது, எங்க மாமாதான் அப்படின்னா நீங்களுமா? தெரிஞ்சேவா இத்தனை நாளா வந்து வெறும் கல்லைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க?

— கல்லை யாரு தம்பி பார்த்தா? ஆறு மாசமா உங்க மாமா உம்முனு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் முடி வெட்டினாரு. வாயைத் திறந்தா ஒரே புலம்பல். நாங்க ஒவ்வொருத்தரா நழுவினதே அதுக்குத்தான். அங்க ஏ.சி. இருக்கு, இல்லைங்கல. ஆனா இவரை மாதிரி வாய் கூசாமப் புளுக அங்க ஒரு ஆள் இல்லையேப்பா!